வில்லைக் கூரியரில் அனுப்புவதை நிறுத்தினேன்

2023 ஆகஸ்ட்டில் ஒன்பது நாள் என் வில் என்னிடம் இல்லை. நாணின் நடுவில், அம்பு மாட்டும் இடத்தில், இழைகளைக் காப்பதற்காக நெருக்கமாக ஒரு நூல் சுற்றியிருக்கும். சர்விங் என்போம். அது பிரிந்து, உள்ளிருக்கும் இழை எட்டிப் பார்க்க ஆரம்பித்துவிட்டது. வில் வாங்கிய கடை வெளியூரில். போன் செய்தேன். "அனுப்பி விடுங்க அக்கா, பாத்துத் தரோம்" என்றார்கள். நாணை மட்டும் கழற்றி அனுப்பினால் போதுமா என்றுகூட அப்போது எனக்குத் தெரியாது. வில்லை முழுதாக அட்டைப்பெட்டியில் கட்டி, கடலூர் மஞ்சக்குப்பத்தில் கூரியரில் போட்டுவிட்டு வந்தேன்.

திரும்பி வந்தது ஒரு வியாழக்கிழமை. சனிக்கிழமை போட்டி. வெள்ளி காலை திடலுக்குப் போய் முப்பது மீட்டரில் ஆறு அம்பு விட்டேன். வழக்கமாக இலக்கின் நடுவே மஞ்சளிலும் சிவப்பிலும் விழுபவை, அதற்கு வெளியே நீலத்தின் கீழ்ப்பக்கம் போய் நின்றன. அம்பு கிளம்பும்போது வால் துள்ளுவது கண்ணுக்கே தெரிந்தது. சத்தமும் வேறு. திரும்பவும் கடைக்குப் போன் போட்டேன். அவர் பொறுமையாகத்தான் கேட்டார்: "முன்னாடி உங்களுக்கு பிரேஸ் ஹைட் எவ்வளவு இருந்துச்சு அக்கா? நாக் பாயிண்ட் எவ்வளவு மேல?"

ஒன்று, நாணுக்கும் கைப்பிடிக்கும் உள்ள இடைவெளி. மற்றது, நாணில் அம்பு மாட்டும் இடத்தின் உயரம். என்னிடம் பதில் இல்லை. ஒன்றரை வருடம் தினமும் கையில் பிடித்த வில். அதன் ஓர் அளவுகூட எனக்குத் தெரியாது.

அந்தக் கடைக்காரர் மேல் எனக்கு வருத்தம் எதுவும் கிடையாது. புது நாண் போட்டு, பொதுவாக எல்லோருக்கும் ஒத்துவரும் அளவில் வைத்து அனுப்பியிருக்கிறார். என் வில் எந்த அளவில் எனக்குப் பழகியிருந்தது என்று அவருக்கு எப்படித் தெரியும்? சொல்ல வேண்டியவள் நான். அந்தப் போட்டியில் நான் எடுத்த மதிப்பெண் இப்போது முக்கியமில்லை. அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் மகளின் பழைய கணக்கு நோட்டில் மிச்சமிருந்த பக்கங்களைப் பிரித்து வைத்துக்கொண்டேன். இன்றுவரை அதுதான் என் வில் நோட்டு.

முதலில் வாங்கியது ஓர் அளவுகோல். போ ஸ்கொயர் என்று கேட்டால் தருவார்கள். ஆங்கில ‘டி’ எழுத்து மாதிரி இருக்கும், நாணில் மாட்டிக்கொள்ளும். நாணேற்றிய வில்லில், கைப்பிடியின் ஆழமான இடத்திலிருந்து நாண் எவ்வளவு தள்ளி நிற்கிறது என்பதுதான் பிரேஸ் ஹைட். என்னுடையது 66 அங்குல வில், இழுவை எடை 28 பவுண்டு. அதற்கு 21.5 செ.மீ. வைத்திருக்கிறேன். உங்கள் வில்லுக்குக் கையேட்டில் ஒரு வரம்பு கொடுத்திருப்பார்கள். அதற்குள் இரண்டிரண்டு மி.மீ. ஆக மாற்றி அம்பு விட்டுப் பாருங்கள். ஓர் இடத்தில் வில்லின் சத்தம் அடங்கும், கையில் அதிர்வு குறையும். அதுதான் உங்கள் அளவு. சிலர் கைப்பிடியிலிருந்து அளப்பார்கள், சிலர் பிளஞ்சர் (அம்பின் பக்கவாட்டில் முட்டி நிற்கும் சின்ன வில்சுருள் பொத்தான்) ஓட்டையிலிருந்து அளப்பார்கள். எங்கிருந்து அளந்தாலும் சரி, எப்போதும் அங்கிருந்தே அளக்க வேண்டும்.

இந்த அளவை மாற்ற எந்தக் கருவியும் வேண்டாம். நாணை இறக்கி, ஒரு முனையைக் கழற்றி, முறுக்கினால் நாண் குட்டையாகும், இடைவெளி கூடும். முறுக்கைக் குறைத்தால் நாண் நீளும், இடைவெளி குறையும். என் வில்லில் பத்து முறுக்குக்கு நாலைந்து மி.மீ. மாறுகிறது. ஏற்கெனவே முறுக்கியிருக்கும் திசையிலேயே முறுக்க வேண்டும். எதிர்த்திசையில் திருப்பிக்கொண்டே போனால் இழைகள் பட்டையாக விரிந்து சர்விங்கும் தளர்ந்துவிடும். புது நாண் முதல் நூறு இருநூறு அம்புவரை கொஞ்சம் கொஞ்சமாக நீளும். அதனால் அந்த ஒரு வாரம் தினமும் அளக்கிறேன். கடையில் சரியாக வைத்துக் கொடுத்த வில் நாலே நாளில் மாறிவிட்டது என்று பலர் சொல்வதற்குக் காரணம் பெரும்பாலும் இதுதான்.

சரி, சர்விங்குக்கு வருகிறேன். நான் கடையை நம்பிக் கிடந்ததே அதற்காகத்தான்.

நூலும், அதைச் சுற்றும் சின்னக் கருவியும் வரவழைத்துவிட்டேன். நூல் கருவியின் உருளையிலிருந்து வரும், ஒரு திருகை முடுக்கினால் இறுக்கமாக வரும். வில்லை நாணேற்றியே வைத்துக்கொண்டு, தொடங்கும் நுனியை நாணோடு படுக்கவைத்து, அதன் மேலேயே பத்துப் பதினைந்து சுற்று சுற்றினால் நுனி உள்ளே மாட்டிக்கொள்ளும். அதுவரை எளிது. முடிக்கும் இடம்தான் எனக்கு வரவில்லை. முடிச்சுப் போட்டேன். இருபது அம்புக்குள் அவிழ்ந்தது. இரண்டு முடிச்சுப் போட்டுப் பசை வைத்தேன். அந்த மேடு விரலில் போடும் தோல் காப்பில் உரசி, நூல் மறுபடியும் பிரிந்தது.

ஒரு ஞாயிறு தேவனாம்பட்டினத்தில் படகுகளுக்கு இடையே ஒரு பெரியவர் கயிற்று நுனி பிரியாமல் இருக்க நூல் சுற்றிக்கொண்டிருந்தார். நின்று பார்த்தேன். சுற்றி முடித்த இடத்தில் முடிச்சே இல்லை. எப்படி என்று கேட்டேன்.

"முடிச்சுப் போட்டா அது துருத்திக்கிட்டு நிக்கும்மா. துருத்திக்கிட்டு நிக்கிறது எதுலயாவது மாட்டும், மாட்டுனா அவுரும். நூலை நூலுக்குள்ளயே புதைச்சுடணும்" என்றார்.

பக்கத்தில் உட்காரச் சொல்லி, மெதுவாகச் செய்து காட்டினார். சுற்று முடிய ஒரு விரல்கடை இருக்கும்போது, நூலை நீளமாக ஒரு வளையம் விட்டார். சுற்று நின்ற இடத்திலிருந்து சற்றுத் தள்ளி, வளையத்துக்குள், எதிர்த்திசையில் பத்துப் பன்னிரண்டு சுற்று தளர்வாகப் போட்டார். நூலின் நுனியை, சுற்றி முடித்த பக்கமாகக் கொண்டுவந்து கயிற்றின் மேல் படுக்கவைத்தார். பிறகு அந்த வளையத்தைப் பிடித்து முன்பு சுற்றிய திசையிலேயே தொடர்ந்து சுற்றினார். ஒவ்வொரு சுற்றுக்கும் அந்தப் பக்கம் தளர்வாக இருந்த ஒரு சுற்று அவிழ்ந்து, இந்தப் பக்கம் இறுக்கமான ஒரு சுற்றாக, படுத்திருந்த நுனியின் மேல் வந்து உட்கார்ந்தது. தளர்ந்த சுற்று எல்லாம் தீர்ந்ததும் நுனியைப் பிடித்து ஒரே இழு. மிஞ்சியிருந்த வளையம் வழுக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டது. அதிகப்படி நூலை அறுத்துவிட்டு, நகத்தால் தேய்த்துக் காட்டினார். எங்கே முடிந்தது என்று தடவினாலும் தெரியவில்லை.

நானும் மூன்று முறை அவர் கயிற்றிலேயே செய்து பார்த்தேன். மூன்றாவது சரியாக வந்தது. "உன்னுது மெல்லிசு நூலு, இன்னும் நல்லா உக்காரும், போ" என்றார். வீட்டுக்கு வந்து நாணில் செய்தேன். அந்த சர்விங் எட்டு மாதம் உழைத்தது. வில் சாமான் செய்பவர்கள் செய்வதும் இதே முறைதான் என்று அப்புறம் தெரிந்தது. கடலோரத்தில் வாழ்கிற நமக்கு நூல் வேலை சொல்லித்தர ஆளா இல்லை? போய்க் கேளுங்கள்.

சர்விங் புதிதாகச் சுற்றியதும் கட்டாயம் பார்க்க வேண்டியது, அம்பின் நாக், அதாவது நாணில் மாட்டும் வால்பக்கப் பிளவு, அதில் எப்படிப் பொருந்துகிறது என்பது. நாண் கிடையாக இருக்கும்படி வில்லைப் பிடித்து, அம்பைக் கீழ்நோக்கி மாட்டித் தொங்கவிடுங்கள். தன் எடையில் அம்பு விழக்கூடாது. பக்கத்தில் நாணை விரலால் ஒரு சுண்டு சுண்டினால் விழ வேண்டும். சுண்டியும் விழாவிட்டால் நூல் தடிமன் அதிகம், அம்பு நாணைவிட்டுச் சுத்தமாகக் கிளம்பாது. சுண்டாமலே விழுந்தால் அது ஆபத்து. இழுத்துப் பிடித்திருக்கும்போது அம்பு நழுவிவிட்டால், விடுகிற நாண் வெறும் நாணாக அடிக்கும். அம்பில்லாமல் நாணை விடுவது வில்லின் உயிரையே எடுக்கும். லிம்ப், அதாவது கைப்பிடிக்கு மேலும் கீழும் வளையும் தகடு, பிளந்துவிடலாம், துண்டு முகத்தில் தெறிக்கலாம். வில்லைப் பார்க்க ஆசைப்பட்டு யாராவது வாங்கினால், கொடுப்பதற்கு முன்னால் நான் சொல்வது இது ஒன்றுதான்.

நாக் பாயிண்ட்டுக்குப் பித்தளை வளையம் போட்டு நெருக்குவதைவிட நூலாலேயே இரண்டு சின்னக் கட்டு கட்டுவது எனக்குப் பிடிக்கும், மேலே ஒன்று கீழே ஒன்று. நடுவில் நாக் இறுகாமல் துளி இடம் விட வேண்டும். கட்டைத் திருகினால் நாணில் ஏறும், இறங்கும். வேண்டிய இடம் வந்ததும் ஒரு சொட்டுப் பசை. என் நோட்டில், அம்பு நாணுக்குச் செங்குத்தாக நிற்கும் இடத்துக்கு 5 மி.மீ. மேலே என்று இருக்கிறது. 2023-இல் அந்த வெள்ளிக்கிழமை அம்பு வாலைத் துள்ளவைத்தது இந்த இடம் மாறியதுதான் என்று இப்போது தெரியும். இந்த ஒரு வரி அன்றைக்கு என்னிடம் இருந்திருந்தால் பத்து நிமிட வேலை.

மெழுகு பூசுவதை எல்லோரும் செய்கிறார்கள், ஆனால் நம் ஊரில் அதற்கு முன்னால் ஒன்று செய்ய வேண்டும். நாணை உலர்ந்த துணியால் துடைக்க வேண்டும். வெள்ளி கடற்கரையிலிருந்து இரண்டு கிலோமீட்டருக்குள் இருக்கும் வீட்டில், சன்னல் திட்டில் காலையில் துடைத்தால் மத்தியானம் மறுபடி நறநறக்கும். அந்தப் பொடி மணல் நாணிலும் ஒட்டியிருக்கும். அதன் மேல் மெழுகைத் தேய்த்தால் மணலை உள்ளே அனுப்பி இழைகளை அறுப்பது மாதிரிதான். துடைத்துவிட்டு, நாண் மெழுகைப் பூசி, விரலுக்கும் நாணுக்கும் நடுவே ஒரு தோல் துண்டை வைத்துச் சூடு வரும்வரை தேய்க்கிறேன். சர்விங் மேல் பூசுவதில்லை. வீட்டு மெழுகுவத்தி இதற்கு ஆகாது, பொடிப்பொடியாக உதிரும். இழைகள் பஞ்சு பஞ்சாகத் தெரிந்தால் மெழுகு கேட்கிறது. ஓர் இழை அறுந்திருந்தால் மெழுகால் ஆவது ஒன்றுமில்லை, அந்த நாண் முடிந்தது.

அம்புகளைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். கார்பன் அம்பு எதிலாவது பட்டுவிட்டால், காதருகே வைத்து லேசாக வளைத்து, சுற்றிச் சுற்றிப் பார்க்க வேண்டும். நறுக்கென்று ஒரு சின்னச் சத்தம் கேட்டாலும் அதை உடைத்துப் போட்டுவிடுவேன். விரிசல் விட்ட அம்பு கிளம்பும்போது உடைந்தால் சிம்பு இடது கையில்தான் ஏறும். முனையைக் கழற்ற மெழுகுவத்தித் தீயில் காட்டி ஓர் அம்பைக் கருக்கியிருக்கிறேன். இப்போது சமையலறையில் கொதித்த தண்ணீரில் முனையை மட்டும் அரை நிமிடம் வைத்து, குறட்டால் பிடித்துத் திருகி இழுக்கிறேன். சூட்டில் இளகும் பசையாக இருந்தால் வந்துவிடும். மழைக்காலத்தில் இறகு ஒட்டாதீர்கள். காற்றில் ஈரம் அதிகமாக இருந்தால் குவிக் வகைப் பசை வெள்ளை பூத்துவிடுகிறது. பங்குனி, சித்திரையில் ஒட்டியவை எனக்கு நன்றாக நிற்கின்றன.

அப்புறம் ஆலன் கீ, அறுகோணக் குழி உள்ள திருகுகளைத் திருப்பும் சாவி. இதைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை. திருப்பாதிரிப்புலியூரில் ஹார்டுவேர் கடையில் நல்ல செட் ஒன்று வாங்கினேன், எல்லாம் மி.மீ. அளவு. என் வில்லில் ஒரு திருகுக்கு 5 நுழையவில்லை, 4.5 நுழைந்தது. கொஞ்சம் ஆடியது, பரவாயில்லை என்று திருகினேன். திருகின் உள்முனை மழுங்கிவிட்டது. வில்களில் பல திருகுகள் அங்குலக் கணக்கில் இருக்கும். அது 3/16 அங்குலம், அதாவது 4.76 மி.மீ. அதற்கு என்று அங்குல செட் தனியாகக் கிடைக்கிறது. வாங்கிவிட்டுத்தான் வில்லில் கை வைக்க வேண்டும். மழுங்கிய திருகை எடுக்கக் கடைசியில் லேத் பட்டறைக்குப் போக வேண்டியிருந்தது.

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. தொடர்ந்து சாத்தனூர் அணையில் திறந்த தண்ணீர் தென்பெண்ணையில் வந்தது. எங்கள் வீட்டுக்குள் கணுக்கால் அளவு தண்ணீர். அரிசி, சான்றிதழ்கள், மாமியாரின் மாத்திரை என்று மேலே ஏற்றிக்கொண்டிருந்ததில் கட்டிலுக்கு அடியில் இருந்த வில் பெட்டி நினைவுக்கே வரவில்லை. நான்காம் நாள் திறந்தபோது பெட்டிக்குள் இருக்கும் ஸ்பாஞ்சு தண்ணீரைக் குடித்து வைத்திருந்தது. விரலில் போடும் அந்தத் தோல் காப்பில் பூஞ்சை. லிம்ப் போல்ட்டின் மரையில் செம்பழுப்பாகத் துரு.

வெயிலில் வைக்கவில்லை. எல்லாவற்றையும் கழற்றி, மின்விசிறிக்குக் கீழே பாய் விரித்து இரண்டு நாள் உலர விட்டேன். போல்ட்டைப் பல்துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்து, துடைத்து, மரையில் மட்டும் ஒரு சொட்டுத் தையல் மிஷின் எண்ணெய். பிளஞ்சரைப் பிரித்துத் துடைத்தேன், அதற்குள் எண்ணெய் விடவில்லை, விட்டால் மணலைப் பிடித்து வைத்துக்கொள்ளும். அந்த ஸ்பாஞ்சைத் தூக்கி எறிந்துவிட்டேன். கடலோரத்தில் இருப்பவர்கள் புயல் வரும்வரை காத்திருக்க வேண்டாம். ஐப்பசி பிறந்ததும் பெட்டிக்குள் சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்டு, வாரம் ஒருமுறை திறந்து காற்றாட வைத்தால் போதும்.

லிம்ப் இரண்டையும் ஓரங்களில் பஞ்சால் தடவிப் பார்த்தேன். வழக்கமாக மாதம் ஒருமுறை செய்வதுதான். பஞ்சு வழுக்கிக்கொண்டு போக வேண்டும். கீழ் லிம்ப்பில் நடுவுக்குச் சற்று மேலே ஓர் இடத்தில் நாலைந்து இழை சிக்கி நின்றது. கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. டார்ச்சைச் சாய்த்து அடித்துப் பார்த்தபோது, அடுக்குகளுக்கு நடுவே தலைமுடி அளவு ஒரு கோடு.

அங்கே நிறுத்திவிட்டேன். பசை விட்டு கிளாம்ப் போட்டு ஒட்டலாம் என்று திடலில் ஒரு தம்பி சொன்னான். இழுத்துப் பிடிக்கும்போது முகத்துக்குப் பக்கத்தில் வளைந்து நிற்கும் பொருள் அது. நூலும் நாணும் நான் பார்த்துக்கொள்வேன், லிம்ப் பிளந்தால் அதற்கு ஆள் வேறு. அதேபோல், முனைகளில் சக்கரம் வைத்த காம்பவுண்ட் வில். 2024 பாரிஸ் பாராலிம்பிக்கில் ஷீதல் தேவி காலால் வில் பிடித்து எய்ததைப் பார்த்ததிலிருந்து என் மகளுக்குக் காம்பவுண்ட்தான் வேண்டும். வாங்கும் நாள் வரும்போது அதன் கேபிள், கேம், பீப் எதையும் வீட்டில் கழற்ற விடமாட்டேன். நாண் இறுகிய நிலையிலேயே இருக்கும் வில் அது, பிரஸ் என்ற கருவியில் வைத்து அழுத்தினால்தான் தளரும். அது இல்லாமல் கை வைப்பது கையைக் கொடுப்பதற்குச் சமம். முழு நாணையே வீட்டில் செய்வதையும் நான் சொல்ல மாட்டேன். ஆசாரியிடம் பலகையில் கம்பி அடித்து வாங்கி இரண்டு நாண் செய்து பார்த்தேன். இழைகள் எல்லாம் ஒரே இறுக்கத்தில் வரவில்லை. இப்போது நாண் வாங்குகிறேன். ஒன்றுக்கு இரண்டாக வாங்கி, இரண்டையும் நூறு அம்பு விட்டுப் பழக்கி, நாக் பாயிண்ட் கட்டி, ஒன்றை உறையில் போட்டு முறுக்கு எண்ணிக்கையை மேலே எழுதி வைக்கிறேன். கேட்கும்போது "66 அங்குல வில்லுக்கான நாண்" என்று முழுதாகச் சொல்லுங்கள். வெறும் 66 என்றால் நாணின் நீளமே 66 என்று எடுத்துக்கொள்பவர்கள் இருக்கிறார்கள். நாண் வில்லைவிட மூன்று அங்குலத்துக்கு மேல் குட்டையாக இருக்கும்.

லிம்ப்பை அதே கடைக்குத்தான் அனுப்பினேன். இந்த முறை லிம்ப் இரண்டை மட்டும். கூடவே ஒரு துண்டுச் சீட்டு: வில் 66, எடை 28, பிரேஸ் ஹைட் 21.5, மேல் டில்லர் (லிம்ப்பின் அடியிலிருந்து நாணுக்கு உள்ள தூரம்) கீழைவிட 3 மி.மீ. கூட, கீழ் லிம்ப்பில் கோடு எந்த இடத்தில் என்று ஒரு படம். பெட்டி போய்ச் சேர்ந்த மத்தியானமே அவர் கூப்பிட்டார். "இதுல எய்யாதீங்க அக்கா, உள்ள விட்டுப்போச்சு. சீட்டு வச்சது நல்லதாப் போச்சு, நான் தேடிக்கிட்டு இருக்க வேணாம். இதே எடையில புதுசு அனுப்பட்டுமா?"

அனுப்பச் சொன்னேன். தை பிறந்து வந்தது. நாணேற்ற உதவும் கயிறான ஸ்ட்ரிங்கர் போட்டு நாணேற்றி, பின்னாலிருந்து பார்த்தேன், நாண் இரண்டு லிம்ப்பின் நடுவிலும் நேராக விழுந்தது. அளந்தேன். பழைய நாண், பழைய முறுக்கு, ஆனால் பிரேஸ் ஹைட் 21.2. மகள் நோட்டில் புதுப் பக்கம் திருப்பித் தேதி போட்டாள். "எத்தனை முறுக்கு ஏத்தணும்மா?" என்றாள். ஏழு வைத்துப் பார்ப்போம் என்றேன்.